கன்னியப்பன் கொடுத்த புகார்

"என் விலா எலும்பு ரெண்டை உடைச்சது இந்தப் பொண்ணுதான் சார். எழுதிக்குங்க!"

கன்னியப்பன் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது.

புதுச்சேரியில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. நெஞ்சை அமுக்கி, நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைக்கிற உயிர் காக்கும் பயிற்சியை முடித்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் அன்று சர்டிபிகேட் கொடுக்கிற நாள். பெயிலானாலும் வரச் சொல்லியிருந்தார்கள்.

நாற்பது பேரில் பெயிலானது பூவிழி ஒருத்திதான். மரக்காணத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். சர்டிபிகேட் இல்லையென்றால் இந்த மாதத்தோடு வேலை போய்விடும். கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பூவிழி, இவரைத் தெரியுமா?" பயிற்சி கொடுத்த டாக்டர் சித்தார்த்தன் கேட்டார்.

"எங்க ஊரு உப்பளத்துல வேலை செய்யறவரு சார். ரெண்டு மாசம் முன்ன பாத்தியிலேயே மயங்கி விழுந்துட்டாரு. நாடி இல்ல. நான்தான்..."

"நான்தான்னு இழுக்காத. உடைச்சேன்னு சொல்லு!"

முன் வரிசையில் இருந்த நர்ஸ் வினோதினிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க பெரியவரே, உசுரைக் காப்பாத்தின பொண்ணு மேலயே புகாரா? நல்லா இருக்குதே உங்க நியாயம்!"

"உனக்கு உடைஞ்சிருந்தா தெரியும். தும்மினா உசுரு போவுது."

பூவிழிக்கு அவரைத் தெரியும். ஒரு வரப்புத் தகராறில் கூடப் பிறந்த தம்பியோடு பதினெட்டு வருஷமாகப் பேசாத மனுஷன். அவரிடம் என்ன சொல்லி என்ன?

டாக்டர், கன்னியப்பன் கொண்டுவந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரியா அமுக்கினாலும் சில பேருக்கு எலும்பு உடையும் பெரியவரே. அது தப்பு இல்ல."

"அப்ப இது?"

கன்னியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றார். முதுகில் நீள நீளமாகத் தழும்புகள்.

"விழுந்த இடத்துலயே வச்சு அமுக்க வேண்டியதுதானே? கையைப் புடிச்சு உப்பு மேல தரதரன்னு இழுத்துட்டுப் போயிருக்கா. லாரி வர்ற பாதை வரைக்கும். செத்த மாட்டை இழுக்கற மாதிரி! ஊரே பாத்துச்சு."

டாக்டரின் முகம் மாறியது. "டெஸ்ட்லயும் இதேதான் பண்ணினே பூவிழி. அமுக்கிக் காட்டறதுக்கு மெத்தை மேல வச்சிருந்த பொம்மையைத் தரையில இழுத்துப் போட்டே. நேரம் வீணாச்சுன்னுதான் பெயில் போட்டேன். ஒரு மனுஷனையுமா இப்படி இழுத்தே?"

"அதை எழுதிக்குங்க சார்," என்றார் கன்னியப்பன். "ஏன் இழுத்தான்னு கேட்டு அதையும் எழுதுங்க. பாதிப் புகார் குடுக்கற ஆளு நான் இல்ல."

"ஏம்மா இழுத்தே?"

பூவிழி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பாத்திக்குள்ள சேறு சார். முதல்ல அங்கதான் அமுக்கினேன். ஆளு சேத்துல இறங்கறாரு, நெஞ்சு அமுங்கல. பக்கத்துல லாரிப் பாதைதான் கெட்டித் தரை. இங்கயும் பொம்மைக்குக் கீழ ஸ்பாஞ்சு மெத்தை. அமுக்கினா மெத்தைதான் அமுங்குச்சு."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல வந்தேன் சார். 'பேசாதே, நேரம் ஓடுது'ன்னு சொல்லிட்டீங்க."



டாக்டர் எழுந்து போனார். மூலையில் கிடந்த மெத்தையில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கை உள்ளே போனது. திரும்பி வந்து லிஸ்டை எடுத்தார். பூவிழியின் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தப்பு என்னோடதும்மா. அடுத்த பேட்சுக்கு இந்த மெத்தை வேணாம்."

பூவிழி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சரி பெரியவரே, புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"வாபஸெல்லாம் கிடையாது. ஃபைல்லயே இருக்கட்டும்."

"வீம்பைப் பாரு!" என்றாள் வினோதினி.

டாக்டருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்தப் பொண்ணைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருந்தாலே நான் கேட்டிருப்பேனே. எதுக்கு இவ்வளவு சத்தம்?"

கன்னியப்பன் நிதானமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"இவ பெயிலுன்னு கேள்விப்பட்டு நேத்து நல்லது சொல்லத்தான் சார் வந்தேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்லயே நிக்க வச்சுத் துரத்திட்டாங்க. இன்னைக்குப் புகார்னு சொன்னேன். நேரா ஏசி ரூமுக்குக் கூட்டியாந்து நாற்காலி போட்டுட்டாங்க."