ஏழு படி

மகளின் சக்கர நாற்காலி சாய்தளத்தில் தடையில்லாமல் ஏறியது. பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு அவமானத்தில் முகம் சுண்டிவிட்டது.

“வாசலில் ஏழு படி, ஏற வழியில்லை, அதைக் காட்டியே தபால் வழியில் படித்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்” என்பதுதான் மகள் போட்ட வழக்கு. சாய்தளம் எப்போதோ போட்டாயிற்று, அவள் சொல்வது பொய் என்றது பல்கலைக்கழகம். கோர்ட்டு அதிகாரி நேரில் பார்க்க வந்த இன்று, அது கம்பீரமாக நிற்கிறது.

“போன வாரம் இது இல்லப்பா. சத்தியமா இல்ல.”

“பேசாத. பொய்க் கேஸ் போட்ட குடும்பம்னு பேர் வந்தா நான் வெளியில தலை காட்ட முடியுமா?”

அதிகாரி ‘ஏறினார்’ என்று எழுதினார். கீழே ஒரு வரி இடம் விட்டு, பேனாவை மூடினார்.

“எனக்கு அடுத்த இடத்துக்கு நேரமாச்சு. பொண்ணுக்கு வகுப்பெல்லாம் காட்டிட்டு நிதானமா வாங்க ஐயா. கீழ இறங்கினதும் ஒரு போன் போட்டுடுங்க.”

பல்கலைக்கழகப் பதிவாளர் ஓடிப்போய் அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் அப்பாவும் மகளும் வாசலுக்கு வந்தபோது, ஏழு படியும் மொட்டையாக நின்றன. சாய்தளம் ஒரு வேனில் ஏறிக்கொண்டிருந்தது.

“வாடகைச் சாமான் ஐயா. வேற இடத்துல கேட்டிருக்காங்க,” என்றார் பதிவாளர், கூசாமல். “நாலு ஆளை வெச்சுத் தூக்கி இறக்கிடறேன். கேஸை வாபஸ் வாங்கறதா ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க. உங்க குடும்ப மானமும் தப்பிச்சுது.”

நாலு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படியேறினார்கள். மகள் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தாள். முதுகில் சுவர் இடித்தது.

“நாலு பேர் தூக்கறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்? சொல்லுங்கப்பா!”

பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. விறைத்த முதுகோடு சட்டைப் பையில் கைவிட்டார். பேனா எடுக்கிறார் என்று பதிவாளர் காகிதத்தை நீட்டினார்.

வந்தது போன்.

“சார், இறங்கினதும் கூப்பிடச் சொன்னீங்களே... என் பொண்ணு இன்னும் இறங்கல.”