திருமணமாகாதவர்

கணக்குப் பிரிவுச் சந்திரமதியிடம் காட்டிய பிறகுதான் அலுவலகத்தில் எல்லோரும் வருமான வரிப் பாரத்தை நிரப்பி அனுப்புவார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பரமசிவம் தன் பாரத்தை நீட்டினான். அவள் தட்டச்சு இயந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படித்தாள்.

“திருமணமாகாதவர்னு எழுதியிருக்கீங்க. தப்பு லா.”

“கோயில்ல இன்னும் தாலி கட்டலையே.”

“போன வருஷமே ரிஜிஸ்டர் பண்ணியாச்சுல்ல?”

“அது புக்கிட் மேராவுல அரசாங்க வீட்டுக்கு மனு போடறதுக்காக. கல்யாணச் சான்றிதழ் கேட்டாங்க. இப்ப இந்தச் சம்பந்தமே வேணாம்னு அம்மா ஒரே பிடிவாதம்.”

“பாரம் உங்க அம்மாவோடதா?”

அவன் பாரத்தை எடுக்கக் கை நீட்ட, அவள் விடவில்லை.

“நிறையப் பேர் பண்ற தப்புதான். ரிஜிஸ்டர் பண்ணின அன்னைக்கே அவங்க உங்க மனைவி. அவங்க சம்பளத்தையும் உங்க கணக்குல காட்டணும். எவ்வளவு?”

“கேட்டதில்ல.”

“அப்ப கேட்டு எழுதுங்க.”

பாரத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

பரமசிவம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தான். முதலில் எழுதியதை அடித்துவிட்டு, மனைவியின் பெயர் என்ற இடத்தில் ‘சந்திரமதி’ என்று எழுதினான்.

“அம்மாகிட்ட இன்னைக்கே நான் பேசிக்கிறேன். உன் சம்பளம் எவ்வளவு?”