அட்டைக்குக் கீழே நாளை

"வித்துரு" என்றான்.

அவள் நிச்சயதார்த்தப் பத்திரிகை அட்டையை ஒரு கட்டம் வலப்புறம் நகர்த்தினாள். அடியிலிருந்து பச்சைக் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. டாலர் ஏறியிருந்தது.

இன்றைக்கு இது ஏழாவது தப்பு.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. சாப்பாட்டு மேசையின் மேல் டாலரின் விலைப் படம் நீளமாக விரிந்து கிடந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய விலைகள். எல்லாம் நடந்து முடிந்தவை.

அடுத்த நாள் ஏறுமா இறங்குமா என்று பார்க்காமலே சொன்னால்தான் அது சோதனை என்று அவன்தான் வலப்பக்கத்தைப் பத்திரிகையால் மூடினான். விலைப் பட்டியலையும், சரி தப்பு குறிக்கத் தாளும் பென்சிலும் அவளிடம் கொடுத்து, எதிர் நாற்காலியில் உட்கார வைத்தான். தன் கண்ணையே நம்பாத அளவுக்கு நேர்மை.

நூறு நாள். எழுபது சரியாக வந்தால் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிடுவான். இடம் வாங்கச் சேர்த்த ஆறு லட்சத்தைப் போட்டு, இதே வழியில் டாலரை வாங்கி விற்பான்.

ராஜினாமாக் கடிதம் தயார். நாளைய தேதியோடு, ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்.

போன மூன்று ஞாயிறுகளில் அறுபது நாள் முடிந்திருந்தது. ஐம்பத்தொன்று சரி.

அவன் வழி அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் பிடித்தது வேறு. படத்தைப் பார்ப்பான். பிறகு, சொல்வதற்கு முன்னால், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும்.

கல்யாணமான ஒன்பது வருடத்தில், ஒரே காலையில் இருபது தடவை அவன் அவளைப் பார்த்ததில்லை.

அதற்காகவே ஞாயிறுகளில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இன்றைக்குப் பூ இல்லை. சாயங்காலம் நாத்தனார் மகளுக்கு நிச்சயம். முகம் முழுக்கக் கடலை மாவும் தயிரும். காய்ந்து, இறுகி, சுவராகிவிட்டது.

"சிரிக்க வெச்சுராதீங்க மாமா, உதுந்துரும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அவன் படத்தைப் பார்த்தான். நிமிர்ந்தான்.

தேடினான்.

தேடினான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

"வாங்கு."

எட்டாவது தப்பு.

"என்னமோ வெளங்கல அம்மிணி. மொதல்ல அந்த மாவக் கழுவீட்டு வா. பேயாட்ட உக்காந்திருக்கற."

குழாயடியில் அவள் கை பாதிக் கன்னத்தில் நின்றது. முகம் மூடியிருந்த இன்றைக்குத்தான் இத்தனை தப்பு.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சரி.

சரி.

மூன்றாவதும் சரி.

"பாத்தியா, புடிபட்டிருச்சு!" அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

நாலாவது நாளுக்குப் பட்டியலைப் பார்த்தாள். டாலர் நாற்பது பைசா இறங்கப்போகிறது.

அவன் நிமிர்வதற்குள் வேறொன்றை நினைத்தாள். கல்யாணமான புதிதில், மருதமலையில், மழையில் செருப்பைத் தொலைத்துவிட்டு, தொலைக்காதவன் போல அவன் பஸ் ஸ்டாண்டு வரை வெறுங்காலில் நடந்தது. அந்தச் சிரிப்பை முகத்துக்கு வர விட்டாள்.

அவன் நிமிர்ந்தான். அவன் முகமும் மலர்ந்தது.

"யோசிக்கவே வேண்டாம். வாங்கு."

பத்திரிகை நகர்ந்தது. சிவப்புக் கோடு.

அடுத்தது ஏறும் நாள். அவனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளை நினைத்துக்கொண்டாள்.

"வித்துரு" என்றான், மெதுவாக.

பச்சைக் கோடு.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

சொல்லிவிட்டால், இனி இப்படிப் பார்க்க மாட்டான். சொல்லாவிட்டால்?

ஃபிரிட்ஜ் கதவில் கடிதம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது.

அவள் எழுந்தாள். விலைப் பட்டியலை மடித்து மிக்ஸிக்கு அடியில் செருகினாள். நாற்காலியை இழுத்து வந்து அவன் பக்கத்தில், தோள் உரச, போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கயே எதுக்கால உக்காந்தா என்ன?"

"எனக்கும் தெரிய வேண்டாமுங்க மாமா. சேந்தே பாக்கலாம்."

அவன் படத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு, பழக்கத்தில், அவள் பக்கம் திரும்பினான்.

அவள் முகத்தில் நாளை இல்லை. காதோரம் கழுவாமல் விட்ட மாவு மட்டும் கொஞ்சம் இருந்தது.

 

மேசை மேல் கிடந்த தாளைப் பார்த்தான். வரிசை வரிசையாகச் சரிக்குறிகள். திரும்ப அவளைப் பார்த்தான்.

"அடிப்பாவி. அத்தனையும் உம்மூஞ்சியா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலி ஆடும் அளவுக்கு வந்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு சிரிப்பு ஓய்ந்தது. அவள் ஃபிரிட்ஜ் கதவில் படபடத்த கடிதத்தைப் பார்த்தாள்.

அவள் பக்கம் திரும்பியவன் திரும்பியபடியே இருந்தான்.

"நாளைக்குக் கம்பெனிக்குச் சோத்து டப்பா கட்டோணுங்களா மாமா?"

அவன் விரலை நீட்டி அவள் காதோர மாவைத் தட்டிவிட்டான். படத்தின் பக்கம் பார்வை போகவேயில்லை.

"கட்டு."

அவள் பென்சிலை எடுத்து, தாளின் கடைசியில், ஒரு சரிக்குறி போட்டாள்.