ஹாப்ஸ் பூவின் வாசனை

வீட்டிலேயே பேல் ஏல் பீர் தயாரிக்கும் தயாளன், பீருக்கு மணமூட்ட எல்லாரும் போடும் ஹாப்ஸ் பூ ரகத்தை விட்டுவிட்டு, யாரும் சீண்டாத புதுரக ஹாப்ஸ் பூ ஒன்றை வாங்கி வந்தான். பையைப் பிரித்து மோந்தவன், "அட, அசல் மாம்பழம்!" என்றான்.

பூவுக்கு முகம் வாடிப்போயிற்று. பறித்தவனும் இதைத்தான் சொன்னான், விற்றவனும் இதைத்தான் சொன்னான்.

ஜாடிக்குள் போட்டதும் அங்கிருந்த ஈஸ்ட்டிடம் சலித்துக்கொண்டது. "நீயும் சொல்லிடு. எம்மேல மாம்பழ வாசனைதானே அடிக்குது?"

சர்க்கரையெல்லாம் தின்று பீரைப் புளிக்கவைத்த ஈஸ்ட், வேலை முடிந்து மெல்ல அடியில் படிந்துகொண்டிருந்தது. "மாம்பழமா? அதை நான் கண்டதே இல்லையே. உம்மேல உன் வாசனைதான் அடிக்குது. எனக்குப் புடிச்சிருக்கு" என்றது.

அதைக் கேட்ட பிறகுதான் பூ தன் மணம் முழுவதையும் அவிழ்த்துவிட்டது.

பீர் தெளிந்ததும் தயாளன் வடிகட்டி, நண்பனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தான். நண்பன் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினான். "டேய், மாம்பழமேதான்டா!"

வடிகட்டியில் சக்கையாய்க் கிடந்த பூ, "கேட்டியா, என்ன சொல்றான்னு?" என்று ஈஸ்ட்டைக் கூப்பிட்டது.

அடியில் ஈஸ்ட் படிந்து கிடந்த வண்டலைக் கொட்டி, ஜாடியைக் கழுவி, எப்போதோ கவிழ்த்து வைத்துவிட்டிருந்தான் தயாளன்.