அம்மா நம்பர் ஒட்டாத வரி

ஆஸ்பத்திரிக் கணினியில் அம்மாவின் பக்கத்தைச் சேமித்த பிறகுதான் குழந்தையின் பெயரை அடிக்க வேண்டும்; அப்போதுதான் அம்மாவின் நம்பர் அதில் ஒட்டும். பதிவு செய்யும் மெர்லின் அவசரத்தில் முதலில் ‘இளமுகில்’ என்று அடித்துவிட்டாள்.

“எங்கம்மா எங்க?” என்று அந்த வரி கர்சரிடம் கேட்டது.

“உன் மேல அம்மா நம்பர் ஒட்டலையே. மெர்லின் தேடி வருவா, பொறு” என்றது கர்சர்.

அம்மா பக்கம் திறக்கும்போதெல்லாம் வரி எட்டி எட்டிப் பார்த்தது.

ஒருநாள் மெர்லின், “அய்யோ, குழந்தையைக் காணோமே!” என்றாள். வரி துள்ளியது. அவளோ தேடவில்லை; அம்மா பக்கத்திலேயே புதிதாக இன்னொரு ‘இளமுகில்’ அடித்துச் சேமித்தாள். அதில் அம்மா நம்பர் ஒட்டிக்கொண்டது.

“இளமுகிலு, வந்துட்டியா!” என்று அம்மா பக்கம் ஆசையாகக் கூப்பிட்டது.

“வந்துட்டேம்மா!” என்று இரண்டு வரிகளும் சேர்ந்தே சொல்லின.

அம்மாவுக்கு ஒரு குரல்தான் கேட்டது.