தாழ்ந்த உத்தரம்

"மண்டை பெரிசா, மரம் பெரிசா? அதை மட்டும் சொல்லு..."

"கத்தாதே டெஸ். நானூறு வருஷமா நிக்கிற ஓக் உத்தரம், அதைப் போய் வெட்டறதா..."

"நானூறு வருஷத்துக்கு முன்னால ஆளுங்க எல்லாம் குள்ளம்! அவங்க அளவுக்குக் கட்டின வீடு இது!"

பேசிக்கொண்டே சமையலறைக்குள் நடந்த டெஸ்மண்ட், குறுக்கே ஓடிய உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். "சனியன்!"

தங்கை ரோவீனா சிரித்துவிட்டாள். சிரித்ததில் புருவத்துக்கு மேலிருந்த தையல் சுரீரென்று இழுத்தது.

"சிரிக்கிறியா? ஈஸ்டருக்கு ஒரு தடவை இதுல இடிச்சுக் கன்னம் வீங்கிச்சு. இப்போ தையல். பாவம் கிளைவ், பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறதே அவனுக்குப் பொழப்பாப் போச்சு."

செப்டம்பர் வந்தால் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷையர் வீடுகளில், பீருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப்ஸின் பழைய கொடியை இறக்கிவிட்டு, தோட்டத்திலிருந்து வந்த புதுக் கொடியை உத்தரத்தில் சுற்றுவார்கள். ரோவீனா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"இன்னும் ஸ்டூல் இல்லாம ஒண்ணும் எட்டாது உனக்கு. ஸ்கூல்ல சும்மாவா சட்டை பட்டன்னு கூப்பிட்டாங்க!"

"பேச்சை மாத்தாதே. பழங்கால வீடு. சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கவுன்சில்ல கேட்கணும்."

"கேட்டாச்சு. அப்பா விட்டுட்டுப் போன வீடு, பாதி எனக்கும்தானே? கவுன்சில்லேருந்து ஒரு அம்மா வந்து பார்த்துட்டு, சரின்னு சொல்லிட்டாங்க."

கொடியைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"வெட்டினா ரெண்டு சுவரும் ஆளுக்கொரு பக்கம் விரிஞ்சிடும் டெஸ். வெறும் மரச்சட்டமும் களிமண்ணும்தான் இந்த வீடு. இழுத்துப் பிடிச்சு நிக்க வைக்கிறது இந்த உத்தரம்தான்."

"அதுக்கு மேலே இரும்புக் கம்பி போட்டு முறுக்கிடுவாங்க. திங்கட்கிழமை தச்சன் வர்றான்."

"வர வேண்டாம்னு சொல்லு."

"அட, உனக்காகத்தானே செய்யறேன்! என் கூடப்பிறந்தவ மாசத்துக்கொரு காயத்தோட நிக்கிறதைப் பார்த்துட்டு நான் சும்மா போகணுமா? மரத்து மேல அப்படி என்ன காதல் உனக்கு?"

வெளியே சரளைக்கல் நெரிபட, கிளைவின் கார் வந்து நின்றது. ரோவீனா அவசரமாக ஸ்டூலைவிட்டு இறங்கினாள்.

உத்தரத்துக்கு நேர் கீழே வந்து, அண்ணனைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். தலையில் எதுவும் படவில்லை.

"இதையும் வெட்டிட்டா, அடுத்த தடவை எதுல இடிச்சுக்கிட்டேன்னு நான் டாக்டர்கிட்ட சொல்றது?"