இன்னொரு அட்டை

"எங்கம்மாவை வெச்சுச் சோதனை பண்றீங்களா?"

மருந்துக்கடைக் கண்ணாடி மேடையில் மாத்திரை அட்டையை அறைந்து வைத்தான் மனோஜ்குமார். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் சாயங்கால வியாபார நேரம். தலைவலி மாத்திரைக்கு வந்தவர்கள்கூட வாங்கிக்கொண்டு நகராமல் நின்றுவிட்டார்கள். சண்டை இலவசமாகக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் நிர்மலா அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிரஷர் மாத்திரை. போன மாதம் இவன் அம்மா மல்லம்மாவுக்கு அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"சார், உங்கம்மா எப்பவும் சாப்பிடற அதே மருந்துதான் இது. கம்பெனிப் பேர்தான் வேற. ஜெனரிக்னு சொல்வாங்க. டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டுத்தான் மாத்தினேன். விலையும் பாதிக்கு மேல கம்மி..."

"விலை கம்மியாக் குடுங்கன்னு நான் வந்து கேட்டேனா மேடம்? துணிக்கடையில நின்னு வேலை பாக்கறவன்தான், ஒத்துக்கறேன். அதுக்காக எங்கம்மாவுக்கு மட்டமான மருந்து வாங்கிக் குடுக்கற அளவுக்கு இன்னும் போகலை."

"மட்டமில்ல சார்..."

"அப்ப உங்கம்மாவுக்கு இதைக் குடுப்பீங்களா?"

"இதைத்தான் குடுக்கறேன்."

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. எதை விற்றாலும் எங்கள் வீட்டிலும் இதுதான் என்று சொல்லாத கடை உண்டா என்ன?

பூக்கடை பசவராஜ், பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று கன்னடத்தில் மெச்சினார். நாலைந்து தலைகள் ஆடின.

முதலாளி பாச்சு கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "சார் கேக்கற கம்பெனியையே எடுத்துக் குடும்மா."

மனோஜ்குமார் வாங்கிக்கொண்டான். போகும்போது திரும்பி, "இனிமே அம்மா தனியா வந்து கேட்டாலும் இதைத்தான் குடுக்கணும்" என்றான்.

அவன் தலை மறைந்ததும் பாச்சு ஆரம்பித்தார். "நிர்மலா, நாளைலேர்ந்து நீ வாயே திறக்க வேண்டாம். சீட்டுல என்ன எழுதியிருக்கோ, அதை எடுத்துக் குடு. போதும்."

நல்லது சொல்லப்போய் நாலு பேர் எதிரில் அவமானப்பட்டதுதான் மிச்சம்.

அடுத்து நின்ற பெண், மாத்திரையின் விலையைக் கேட்டுவிட்டு, அட்டையைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் நிர்மலா விலை கம்மியான மாத்திரையைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அன்றைக்குப் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் மல்லம்மாவே வந்தாள். கொள்ளேகால் பக்கத்துக்காரி. மகனோடு மைசூருக்கு வந்து வருஷங்கள் ஆகியும் ஊர்த் தமிழ் மட்டும் மாறவில்லை.

"நேத்து வந்து கத்திப்போட்டானாமா கண்ணு? நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"பரவால்லைம்மா."

"போன வாரம் ஆஸ்பத்திரியில பிரசர் பாத்தாங்க. கரெக்டா இருக்குதாமா. அந்த வெல கம்மி மாத்தரையில இன்னொரு அட்ட குடு."

நிர்மலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாச்சு இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம்மா. உங்க பையனுக்குத் தெரிஞ்சா கடையையே ரெண்டாக்கிடுவார். அவர் வாங்கிட்டுப் போனதையே சாப்பிடுங்க."

"அத நான் முழுங்கிக்கறேன். இது எனக்கில்ல கண்ணு, அவனுக்கு."

"அவருக்கா?"

"அவனுக்குமு பிரசர் இருக்குது. எனக்கு எழுதுன அதே மாத்தரையத்தான் டாக்டரு அவனுக்கும் எழுதினாரு. சீட்டு இந்தா இருக்குது, பாத்துக்க. ரெண்டு பேருக்கும் கம்பெனி மாத்தரை வாங்கிக் கட்டுபடியாவாதுன்னு எனக்கு மட்டும் வாங்கறான். கேட்டா, 'எனக்கு லைட்டாத்தாம்மா இருக்கு'ங்கறான். முந்தாநேத்து வேல பாக்கற எடத்துல தல சுத்தி உக்காந்துட்டான்."

நேற்று ராத்திரி முழுக்க அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தது நிர்மலாவுக்கு ஞாபகம் வந்தது. சங்கடமாக இருந்தது.

"இதைக் குடுத்தா அவர் சாப்பிடுவாராம்மா?"

"சாப்படாம? நீ முழுங்குனாத்தான் நானும் முழுங்குவேன்னு காலைல உக்காந்துட்டேன். 'எனக்குன்னா எதுவா இருந்தாலும் செரி, உனக்கு மட்டும் கம்பெனிதான்'னு எறங்கி வந்தான்."

நிர்மலா சீட்டைப் படித்துவிட்டு டாக்டரிடம் போனில் கேட்டாள். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து வைத்தாள். பாச்சு காதிலும் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அட்டையைக் கவரில் போடும்போதுதான் நிர்மலாவுக்கு அது உறைத்தது.

"ஏம்மா, போன மாசமே இதை அவருக்கு வாங்கியிருக்கலாமே? நீங்க எதுக்கு மாத்திச் சாப்பிட்டீங்க? அதனாலதானே நேத்து இவ்வளவு ரகளை?"

மல்லம்மா கவரை வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினாள். மாட்டிக்கொண்டவள்போல் சிரித்தாள்.

"தப்பா நெனைக்காத கண்ணு. நீ சொன்னத அப்ப நானுந்தான் நம்பல. புள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னால நான் முழுங்கிப் பாக்க வேண்டாமா?"